கரண்ட் வைத்தியமும் வாய்ப்புண்ணும்

சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் புத்தூர் கட்டைத் தெரியாதவர் இல்லை. கை உடைந்தாலும் கால் உடைந்தாலும் புத்தூருக்குத்தான் பலர் ஓடுகிறார்கள். பச்சிலையும் முட்டை வெண்கருவும் வைத்து, மூங்கில் பத்தையோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். கட்டுக்குள் அரிக்கும். வலிக்கும். இரவில் தூக்கம் வராது. ஆனாலும் யாராவது கட்டைப் பாதியில் அவிழ்ப்பார்களா? அவிழ்த்தால் எலும்பு கோணலாகக் கூடும். இது எல்லாருக்கும் தெரியும்.

பாதியில் விடக்கூடாத இன்னொரு வைத்தியமும் உண்டு. அது புற்றுநோய்க்குத் தரும் கதிர் சிகிச்சை. ஊரில் இதைக் 'கரண்ட் வைப்பது' என்கிறார்கள். இதைச் சிலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வாயெல்லாம் புண்ணாகிவிட்டது, சோறு இறங்கவில்லை என்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். நோய் மீண்டும் வளர்கிறது. உயிருக்கே ஆபத்தாகிறது.

நகரியில் தறி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குப் பல வருடமாகப் புகையிலை அடக்கும் பழக்கம். கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண் வந்தது. இரண்டு வாரம் கடந்தும் ஆறவில்லை. ஒரு துளி சதையை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் என்று தெரிந்தது. கட்டியை அறுத்து எடுத்தார்கள். பிறகு, "30 நாள் கரண்ட் வைக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னார். வாரத்துக்கு 5 நாள். ஆக 6 வாரம். சிலருக்கு 7 வாரமும் ஆகும்.

அவருக்குப் பயம். "உடம்பில் கரண்ட் பாய்ச்சுவார்களா? ஷாக் அடிக்குமா?" என்று கேட்டார்.

அடிக்காது. இது வீட்டில் விளக்கு எரிக்கும் மின்சாரம் அல்ல. இது கண்ணுக்குத் தெரியாத கதிர். எலும்பைப் படம் எடுக்கும் எக்ஸ்-ரே போன்றது. ஆனால் அதைவிடப் பல மடங்கு வலிமையானது. எக்ஸ்-ரே கதிரை ராண்ட்ஜன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1895-ல் கண்டுபிடித்தார். 1898-ல் மேரி கியூரியும் அவர் கணவர் பியரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலம் தொட்டே கதிரைக் கொண்டு புற்றுநோயை அழிக்கும் முயற்சி தொடங்கிவிட்டது.

தறிக்காரரின் முகத்துக்கு அளவெடுத்து, வலை போன்ற முகமூடி ஒன்று செய்தார்கள். தலை அசையாமல் இருக்கத்தான் அது. மேசையில் படுக்க வைத்தார்கள். மெஷின் சுற்றியது. சில நிமிடத்தில் முடிந்தது. வலியே இல்லை. "இவ்வளவுதானா!" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாம் வாரம் வாய்க்குள் சிவந்தது. காரம் பட்டால் எரிந்தது. சோறு மண்ணைப்போல் இருந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் புண் வந்தது. எச்சில் குறைந்தது. இருந்த எச்சிலும் பசைபோல் கெட்டியானது. ஐந்தாம் வாரம் தண்ணீர் குடிக்கவே பயந்தார்.

ஏன் இப்படி?

வாயின் உட்பக்கம் மெல்லிய தோல் ஒன்று மூடியிருக்கிறது. அதை நெல்வயல் என்று நினைத்துப் பாருங்கள். மேலே இருக்கும் செல்கள் தினமும் தேய்ந்து உதிர்கின்றன. பல் பட்டும், சோறு பட்டும், சூடு பட்டும் தேய்கின்றன. அடியில் ஒரு நாற்றங்கால் இருக்கிறது. அங்கே புதுச் செல்கள் வேகமாகப் பிறந்து மேலே வருகின்றன. ஏறக்குறைய ஒன்று இரண்டு வாரத்தில் வாயின் உள்தோல் முழுவதும் புதிதாகிவிடுகிறது. வாயைக் கடித்துக்கொண்டால் சில நாளில் ஆறிவிடுவது இதனால்தான்.

கதிருக்கு ஒரு குணம் உண்டு. வேகமாகப் பெருகும் செல்களை அது அதிகமாகத் தாக்கும். புற்றுநோய்ச் செல் வேகமாகப் பெருகும். அதனால் அது சாகிறது. ஆனால் உள்தோலின் நாற்றங்காலும் வேகமாகப் பெருகுவதுதான். அதுவும் அடிபடுகிறது. மேலே இருப்பவை வழக்கம்போல் உதிர்கின்றன. கீழிருந்து புது நாற்று வருவதில்லை. வயல் வெறும் தரையாகிறது. அந்த வெறும் தரைதான் புண்.

முதல் வாரத்தில் புண் வராததற்கும் காரணம் இதுவே. பழைய செல்கள் உதிரக் கொஞ்ச நாள் ஆகிறது. ஆகவே இந்தப் புண் புதிய நோய் அல்ல. புற்றுநோய் பரவியதன் அடையாளமும் அல்ல. மெஷினில் செய்த தவறும் அல்ல. டாக்டர்கள் எதிர்பார்க்கும் புண்தான்.

தறிக்காரரின் மனைவி அழுதாள். "வேணாங்க. இந்தக் கஷ்டம் எதுக்கு? ஊருக்கே போயிடலாம்" என்றாள்.

நர்ஸ் அருகில் வந்து உட்கார்ந்தார். "அம்மா, நாற்றங்கால் முழுதும் சாகவில்லை. கரண்ட் முடிந்ததும் மறுபடி முளைக்கும். நடுவில் விட்டால் புண் ஆறும். கூடவே புற்றுநோயும் முளைக்கும். எது வேண்டும்?" என்று கேட்டார்.

அவர்கள் ஊருக்குப் போகவில்லை. நர்ஸ் சொன்னபடி நடந்தார்கள்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவும் கலந்தார்கள். சலவை சோடாவைத் தொடவே கூடாது. அந்தத் தண்ணீரில் தினமும் ஐந்தாறு தடவை வாய் கொப்பளித்துத் துப்பினார். தினமும் புதிதாகக் கலந்தார்கள். மென்மையான பிரஷ்ஷால் பல் துலக்கினார். கடையில் விற்கும் சில கொப்பளிக்கும் மருந்துகளில் சாராயச் சத்து உண்டு. அது எரிச்சலைக் கூட்டும். ஆகவே டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டுமே பயன்படுத்தினார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொண்டார்.

சாப்பாடும் மாறியது. சுடச்சுட ராகி சங்கடியும் காரமான வேர்க்கடலைச் சட்னியும் அவருக்கு உயிர். ஊறுகாய் இல்லாமல் கை நனைக்க மாட்டார். அதையெல்லாம் தள்ளி வைத்தார். ஆறிய ராகிக் கூழ், பாலில் குழைத்த இட்லி, பருப்புக் கஞ்சி, புளிக்காத மோர், வேகவைத்து மசித்த முட்டை, வாழைப்பழம் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிட்டார். புகையிலையை அறவே விட்டார். பீடி, குட்கா, சாராயம் எதுவாக இருந்தாலும் புண்ணை ஆறவிடாது. சிகிச்சையின் பலனையும் குறைக்கும்.

உலக சுகாதார நிறுவனம் இந்தப் புண்ணை 0 முதல் 4 வரை அளக்கிறது. புண் இருந்தாலும் கெட்டியான சோறு சாப்பிட முடிந்தால் 2. கஞ்சி, பால் மட்டும் இறங்கினால் 3. வாய் வழியாக எதுவுமே சாப்பிட முடியாவிட்டால் 4. அப்போது மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு உணவு கொடுப்பார்கள். குழாய் போட்டதும் ஆள் பிழைக்கமாட்டான் என்று பயப்பட வேண்டாம். புண் ஆறியதும் குழாயை எடுத்துவிடுவார்கள். காய்ச்சல் வந்தாலும், ரத்தம் கசிந்தாலும், வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தாலும், தண்ணீர்கூட இறங்காவிட்டாலும் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பல்லைப் பற்றி ஒரு சொல். கதிர் சிகிச்சைக்கு முன்பே பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். எடுக்க வேண்டிய சொத்தைப் பல்லை முன்பே எடுத்து, அந்த இடம் ஆற விட வேண்டும். ஏனென்றால் கதிர் பட்ட தாடை எலும்பு எளிதில் ஆறாது. பின்னால் பல் பிடுங்கினால் எலும்பே செத்துப் போகலாம். எத்தனை வருடம் ஆனாலும், பல்லில் கை வைக்கும் முன், "இங்கே கரண்ட் வைத்திருக்கிறது" என்று பல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தறிக்காரருக்கு 30 நாளும் முடிந்தது. உடனே புண் ஆறவில்லை. ஒரு வாரம் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல ஆறியது. ஒரு மாதத்தில் குழைந்த சோறு சாப்பிட்டார். ருசி திரும்பச் சில மாதம் ஆனது. எச்சில் மட்டும் பழையபடி ஊறவில்லை. சிலருக்கு இந்த வறட்சி வாழ்நாள் முழுதும் இருக்கும். அதனால் அவர் தறியடியில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கிறது.

முன்பெல்லாம் சித்தூர்ப் பக்கத்துக்காரர்கள் பலர் இந்தச் சிகிச்சைக்காக வேலூருக்கும் சென்னைக்கும் போனார்கள். இப்போது திருப்பதியிலேயே வசதி உண்டு. ஸ்விம்ஸ் மருத்துவமனையில் கதிர் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. திருமலை தேவஸ்தானம் இடம் தர, டாடா அறக்கட்டளையின் முயற்சியில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையும் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. ஆந்திர அரசு 2007-ல் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கிய திட்டம் இப்போது என்.டி.ஆர். வைத்ய சேவை என்ற பெயரில் நடக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவில் அது உதவுகிறது. மருத்துவமனையில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் தெருவிலும் யாராவது கரண்ட் வைத்துக்கொண்டு, வாய்ப்புண்ணோடு வாடிக்கொண்டிருக்கலாம். "போதும், விட்டுவிடு" என்று அவரிடம் சொல்லாதீர்கள். ஆறிய கூழ் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுங்கள். மறுநாள் காலை பஸ் ஏற்றிவிடத் துணைக்குப் போங்கள்.

கட்டைப் பாதியில் அவிழ்க்கக் கூடாது. கரண்டையும் பாதியில் விடக் கூடாது.