புதுமை கண்டோரும் எமது கடமையும்

(ஆயுத பூசை நாளன்று எமது வாலிபர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



மண்வெட்டி, கத்தி, துவிச்சக்கரவண்டி, நீரிறைக்கும் யந்திரம் யாவற்றையும் துடைத்துச் சந்தனப் பொட்டிட்டு இன்று வணங்கினோம். கருவியை வணங்கும் நாம், அதனைக் கண்டு தந்தவரை நினைக்கின்றோமா?

1876 இல் தொலைபேசியை அளித்த கிரகாம் பெல்லையும், 1879 இல் நெடுநேரம் எரியும் மின்விளக்கைச் செய்து காட்டிய எடிசனையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1895 ஆம் ஆண்டளவில் கல்கத்தாவிலே, கம்பியின்றி மின்காந்த அலையைச் சுவருக்கு அப்பால் அனுப்பி மணியடிக்கச் செய்த ஜகதீஸ் சந்திர போஸ் எமது பாரத மண்ணின் மைந்தர். 1893 இல் கோயம்புத்தூரையடுத்த கலங்கலிலே பிறந்த ஜி. டி. நாயுடு அவர்களோ ஆரம்பக் கல்வியோடு பள்ளியை விட்டவர். பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு சேர்ந்து 1937 இல் இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். பட்டம் இல்லையே என்று அவர் கைகட்டி இருந்துவிடவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 1990 இல் யாழ்ப்பாணம் இருளில் மூழ்கியது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்பொழுது எமது மக்கள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் சிறிது எண்ணெயையும் இட்டு, மெல்லிய திரியொன்றை ஏற்றி, அவ்வெளிச்சத்திலே பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். சில துளி பெற்றோலிலே மோட்டார் சைக்கிளைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இவற்றையெல்லாம் கண்டவர் பெயரை நாம் அறியோம்.

அதே காலத்தில், தெற்கே சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்கள், குப்பி விளக்குச் சரிந்து எரிகாயமுற்ற ஏழைகளுக்குச் சிகிச்சை செய்து மனம் நொந்தார். காயத்தை ஆற்றினாற் போதாது, காரணத்தைக் களைய வேண்டும் என்று கருதினார். குட்டையும் தடிப்புமான மாமைற் போத்தல் அவருக்கு வழி காட்டியது. எளிதிற் சரியாத கனமான கண்ணாடி. விழுந்தாலும் உருளாதபடி இரு தட்டையான பக்கங்கள். எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி. இவ்வளவே அவ்விளக்கு! அதனைத் தொழிற்சாலையிற் செய்வித்து, ஏழைகளின் வீடு சேர்ப்பித்தார். 1998 இல் ரோலெக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது.

வடக்கே ஜாம் போத்தல். தெற்கே மாமைற் போத்தல். அறிவு இருபுறமும் இருந்தது. ஆயினும் நமது யுக்தி இடுக்கண் தீர்ந்ததும் பரணில் ஏறிவிட்டது. அவருடைய யுக்தியோ ஊருக்குப் பயனாயிற்று. சோதித்துத் திருத்திப் பிறர்க்கும் உதவச் செய்யும் விடாமுயற்சியே வேற்றுமை.

இளைஞர்களே! அம்முயற்சி வேண்டப்படும் இடம் எமது கிணற்றடியே. முன்னர் ஒருவர் துலா மிதிக்க, மற்றவர் பட்டை பிடித்து நீரிறைத்தனர். உடல் களைத்ததும் இறைப்பு நின்றது. யந்திரத்துக்குக் களைப்பில்லை. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டிலே மழைநீர் சுண்ணக்கல்லுள் இறங்கி, உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவின்றி இறைத்தால் உவர் மேலெழும்; அளவின்றி உரமிட்டால் நைத்திரேற்று குடிநீரிற் கலக்கும். நீரின் பெயரையே தாங்கிய நீர்வேலியின் வாழைத் தோட்டங்கள் நாளையும் குலை தள்ள வேண்டாமா?

யந்திரத்தைக் குறை கூறுகின்றோமல்லோம். துலா மிதித்துத் தேய்ந்த கால்களுக்கு அது தந்த ஆறுதலை நாமறிவோம். அதற்கு அளவு கற்பிக்கும் கருவியும் முறையும் இனித்தான் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று காத்திராமல், இம்மண்டபத்தில் இருப்போருள் ஒருவரேனும் இன்றே தம் கிணற்று நீர்மட்டத்தை அளந்து குறிக்கத் தொடங்குவாராயின், இன்று நாம் செய்த பூசை நிறைவுறும்.