ஒரு சிற்றூரும் ஓர் ஆயுளும்



நம் வட்டத்தின் தொடக்க நாள்களில் நடந்த மாதக் கூட்டமொன்றில் நான் ஒரு கவிதை படித்தேன். அதில் ‘பெயர் தெரியாப் பறவை’ ஒன்று வந்து கிளையில் அமர்ந்து, சற்று நேரத்தில் பறந்து போயிற்று. கூட்டம் முடிந்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, பெயர் தெரியாதது பறவையின் குறையா, உங்கள் குறையா?” என்று கேட்டார். அன்று சிரித்து மழுப்பினேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. அக்கேள்விக்கு விடை தேடிய வழியில் என் கைக்கு வந்து சேர்ந்த ஒரு நூலையும், அந்நூலுக்குப் பொருளான ஓர் ஊரையும் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், ஆல்ட்டன் என்னும் சிறு நகரத்தை அடுத்து செல்போர்ன் என்றொரு கிராமம் இருக்கின்றது. அது ஒரு ‘பாரிஷ்’. அதாவது ஒரு தேவாலயத்தைச் சார்ந்து, எல்லை வகுக்கப்பட்ட ஊர்ப்பகுதி. நம் நாட்டுக் கிறித்தவப் பெருமக்கள் பங்கு என்றும் சேகரம் என்றும் வழங்குவது. 1783ஆம் ஆண்டில் அங்கே வாழ்ந்தவர்கள் மொத்தம் 676 பேர். எண்ணி எழுதி வைத்தவர் கில்பர்ட் ஒயிட். 1720இல் அவ்வூரிலேயே பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கற்று, திரும்பி வந்து, அவ்வூர்த் தேவாலயத்தில் உதவிக் குருவானவராகப் பணியாற்றி, 1793இல் அங்கேயே மறைந்தவர். தாமஸ் பெனன்ட், டெயின்ஸ் பாரிங்டன் ஆகிய இரு அறிஞர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பே 1789இல் வெளிவந்த ‘செல்போர்னின் இயற்கை வரலாறும் தொல்பொருள்களும்’ என்னும் நூல். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அது மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டு வருகின்றது.

ஒரு நிலத்தை முதல், கரு, உரி என்று பகுத்துக் காணும் மரபு நமக்கு உண்டு. ஒயிட் அம்மரபை அறியார். ஆயினும் அந்நூலை உங்கள் முன் வைப்பதற்கு அதனினும் பொருத்தமான வரிசை எனக்குத் தோன்றவில்லை.

முதலில் நிலம். ஊரின் தென்மேற்கே 300 அடி உயரத்துக்கு எழுந்து நிற்பது ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன் செங்குத்தான சரிவு முழுவதும் பீச் மரக்காடு. சரிவிலே தொங்குவதுபோல நிற்பதால் அவ்வகைக் காட்டை அவ்வூரார் ‘ஹேங்கர்’ என்பர். 1753இல் ஒயிட்டும் அவருடைய தம்பியும் அச்சரிவில் ஏறுவதற்கு வளைந்து வளைந்து செல்லும் ஒரு பாதை வெட்டினார்கள். இன்றும் மக்கள் அதில் ஏறுகின்றார்கள். அக்குன்றைச் சார்ந்த நோர் ஹில் என்னும் மேட்டிலிருந்து இரண்டு ஓடைகள் பிறக்கின்றன. ஒன்று ஆரன் ஆற்றோடு கலந்து தெற்கே ஆங்கிலக் கால்வாயை அடைகின்றது. மற்றொன்று வே ஆற்றின் வழியாகத் தேம்ஸில் சேர்ந்து வடகடலை அடைகின்றது. ஊரின் பழைய வண்டிப் பாதைகளோ, சக்கரங்களின் தேய்மானத்தாலும் மழைநீரின் அரிப்பாலும் வயல் மட்டத்திலிருந்து 16 முதல் 18 அடி ஆழத்துக்குத் தாழ்ந்து போயிருந்தன. பாதையின் இருபுறமும் மரவேர்கள் பின்னித் தொங்குவதைப் பார்த்துப் பெண்கள் அஞ்சினர் என்று எழுதுகின்றார்.

கவிஞர்களாகிய உங்களுக்கு ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. அவ்வூரில் ஓரிடத்தில் நின்று குரல் கொடுத்தால் தொலைவிலிருந்த ஒரு கட்டடம் எதிரொலித்தது. எத்தனை அசைகளை அது திருப்பிச் சொல்லும் என்று ஒயிட் அளந்து பார்க்க விரும்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி, ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஆயர் பாட்டு! ஒரு நெடிலும் இரு குறிலுமாக விரைந்தோடும் சீர்களைச் சொன்னபோது பத்து அசைகள் தெளிவாகத் திரும்பி வந்தன. நெடிலும் நெடிலுமாக நின்று நடக்கும் சீர்களைச் சொன்னபோது நான்கைந்து அசைகளே வந்தன. மெதுவாகச் சொல்லும்போது, சொல்லி முடிப்பதற்குள் எதிரொலி வந்து சொல்லோடு கலந்துவிடுகின்றது. யாப்பைக் கொண்டு நிலத்தை அளந்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. சில காலம் சென்றபின் அவ்வெதிரொலி அடியோடு நின்றுபோயிற்று. இடையிலிருந்த வயலில் ஹாப்ஸ் கொடி பயிரிட்டு, காற்றுத் தடுப்புக்காக உயரமான வேலியும் வளர்த்துவிட்டார்கள். குரல் அவற்றில் சிக்கி அமிழ்ந்தது. கட்டடம் அப்படியே நிற்கின்றது, எதிரொலிதான் போய்விட்டது என்று ஒயிட் குறித்து வைத்தார். ஓர் ஒலியின் மறைவையும் இழப்பென்று கணக்கில் எழுதியவர் அவர்.

இனிக் கரு. ‘வில்லோ ரென்’ என்று ஒரே பெயரால் வழங்கப்பட்டு வந்த சிறு கதிர்க்குருவிகள் உண்மையில் மூன்று வெவ்வேறு இனங்கள் என்று பாட்டு, அளவு, நிறம் ஆகியவற்றின் வேற்றுமையால் பிரித்துக் காட்டியவர் ஒயிட். கோதுமைத் தாள்களில் பந்துபோலக் கூடு பின்னி வாழும் ஒரு சுண்டெலியை முதன்முதலில் அடையாளம் கண்டு விவரித்தவரும் அவரே. அவற்றுள் வளர்ந்த இரண்டைத் தராசில் வைத்தபோது, எதிர்த்தட்டில் ஓர் அரைப்பென்னிச் செப்புக்காசே போதுமானதாக இருந்ததாம். மண்புழுவை அவர் இகழவில்லை. அது அற்பமாகத் தோன்றினாலும் அதனை இழந்தால் இயற்கையின் சங்கிலியில் பெரும் இடைவெளி உண்டாகும், நிலம் இறுகிப் பாழாகும் என்று 1777இலேயே எழுதினார். மண்புழுக்களைப் பற்றிய சார்லஸ் டார்வினின் நூல் வெளிவந்தது 1881இல் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அவர் மிகுதியும் நேசித்தவை தகைவிலானும், மண்கூடு கட்டும் மார்ட்டினும், உழவாரக் குருவியுமே. அவற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் இலண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பெற்றன. ஊரிலுள்ள உழவாரக் குருவிகளை ஆண்டுதோறும் எண்ணிவந்தார். ஒவ்வோர் ஆண்டும் எட்டு இணைகள். ஏறத்தாழப் பாதி தேவாலயத்திலும், எஞ்சியவை மிக எளிய கூரைக் குடில்களிலும் கூடு கட்டின. ஆண்டுக்காண்டு குஞ்சு பொரித்தும் எண்ணிக்கை மாறவில்லையே, பெருகியவை எங்கே போயின என்று கேட்டார். விடை அவருக்குக் கிட்டவில்லை. கேள்வியை மட்டும் விட்டுச் சென்றார்.

அவர் எல்லாவற்றிலும் சரியாகச் சொன்னவர் அல்லர். தகைவிலான்கள் குளிர்காலத்தில் வேற்று நிலங்களுக்குப் போகின்றன என்பதை ஏற்றுக்கொண்டும், அவற்றுள் சில உள்ளூரிலேயே எங்கோ ஒளிந்து உறங்கக்கூடும் என்ற ஐயத்தை அவரால் கைவிட முடியவில்லை. 1781இல் ஆள்களை அமர்த்திப் புதர்களையும் பொந்துகளையும் தேடச் செய்தார், ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் எழுதினார். அத்தையிடமிருந்து 1780இல் அவரிடம் வந்து சேர்ந்த ‘டிமத்தி’ என்னும் ஆமையை எடைபோட்டும், அதன் உறக்கத்தையும் உணவையும் குறித்தும் வந்தார். ஆண் என்று எண்ணிப் பெயரிடப்பட்ட அவ்வாமை பெண் என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. பறவையைச் சுட்டுக் கையில் வைத்து ஆராய்வது அக்கால வழக்கம். அதற்கு ஒயிட்டும் விலக்கல்லர். இவற்றை மறைத்து அவரை நாம் முனிவராக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் நெஞ்சம் எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். லோசெல்ஸ் என்னும் சிறு தோப்பில் ஓர் ஓக் மரம் நின்றது. ரேவன் எனப்படும் பெருங்காக்கைகள் பல்லாண்டுகளாக அதில் கூடு கட்டியமையால் அதற்கு ‘ரேவன் மரம்’ என்றே பெயர். ஊர்ச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக ஏற முயன்றும், நடுவிலே புடைத்திருந்த அடிமரத்தைத் தாண்ட முடியாமல் தோற்றார்கள். ஒருமுறை ஹாம்ப்டன் கோர்ட்டுக்கு அருகிலிருந்த ஒரு பாலத்தைப் பழுதுபார்க்க, 50 அடிவரை கிளையில்லாத மரங்கள் தேவைப்பட்டன. தோப்பு விலைபோயிற்று. வெட்டிய காலமோ அப்பறவை அடைகாக்கும் பிப்ரவரி மாதம். கோடரி விழுந்தது, ஆப்பு இறங்கியது, மரம் ஆடியது. தாய்ப்பறவை கூட்டை விட்டு எழவேயில்லை. மரம் சாய்ந்தபோது வீசியெறியப்பட்டு, கிளைகளின் அடிபட்டு இறந்து விழுந்தது. இதனை ஒயிட் சில வாக்கியங்களில் முடித்துவிடுகின்றார். கண்ணீர் என்ற சொல் அங்கில்லை. நாம் எழுதியிருந்தால் எத்தனை உவமைகளை அப்பறவையின் மேல் ஏற்றியிருப்போம் என்று எண்ணிப் பார்க்கின்றேன்.

மூன்றாவதாக உரி, அதாவது அம்மண்ணில் மனிதர் வாழ்ந்த வாழ்வு. 1233இல் நிறுவப்பட்டு 1486இல் மூடப்பட்ட துறவியர் மடத்தின் வரலாற்றைப் பழைய ஆவணங்களிலிருந்து திரட்டி எழுதினார் ஒயிட். அதே அக்கறையோடு ஏழையின் விளக்கையும் எழுதினார். கோரைத் தண்டை உரித்துக் கொழுப்பில் தோய்த்து எரிக்கும் அவ்விளக்கால், மூன்று ஷில்லிங் செலவில் 800 மணிநேர வெளிச்சம் கிடைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஆயினும் அவ்வூர் அமைதியே உருவானதன்று. அவர் மறைந்து 37 ஆண்டுகள் கழித்து, 1830 நவம்பரில், கூலி போதாமல் வாடிய தொழிலாளர்கள் திரண்டு, தசமபாக வரியைக் குறைக்கும்படி குருவானவரை வற்புறுத்தியதும், ஏழையர் விடுதியைத் தாக்கியதும் அதே ஊரில்தான். அழகிய குன்றின் அடியிலும் பசி இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஊர்ப் பொதுவிடத்தில் நின்ற ஒரு பெரிய ஓக் மரத்தை 1703ஆம் ஆண்டுப் பெரும்புயல் சாய்த்தது. அக்காலக் குருவானவர் பெரும்பொருள் செலவிட்டு அதனை நிமிர்த்தி நட்டார். சிறிது துளிர்த்தது, பின் பட்டுப்போயிற்று. ஒயிட் இதனை எழுதிய நாளில், தேவாலயத்தின் அருகே 23 அடிச் சுற்றளவுடைய முதிய யூ மரம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. 1990 ஜனவரி 25ஆம் நாள் வீசிய புயல் அதனையும் வேரோடு சாய்த்தது. ஊரார் அதனையும் தூக்கி நிறுத்திப் பார்த்தார்கள். அதுவும் பிழைக்கவில்லை. அதன் கிளையிலிருந்து வளர்த்த ஒரு கன்று அவ்வளாகத்தில் நடப்பட்டது. 287 ஆண்டு இடைவெளியில் இரு மரங்கள்; ஒரே முயற்சி; ஒரே தோல்வி. எனினும் இரண்டாம் முறையும் தூக்கி நிறுத்திய அக்கைகளை நான் வணங்குகின்றேன்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டனில் வெளியான பறவைகள் நிலை மதிப்பீட்டில், உழவாரக் குருவியும் மார்ட்டினும் மிகுந்த இடருக்குள்ளானவற்றின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஒயிட் எண்ணிய அதே பறவைகள்! எட்டு இணைகள் என்று அவர் எழுதி வைத்ததனால்தான், அவ்வூரில் உழவாரக் குருவிகளைப் பின்வந்தோர் எண்ணும்போது ஒப்பிட ஓர் எண் இருக்கின்றது. எழுதப்படாத இடத்தில் இழப்புக்குச் சாட்சியே இல்லை. எதிரொலி நின்றது தெரிந்தது, அது இருந்தபோது ஒருவர் அசை எண்ணியதனால் அன்றோ?

அன்பர்களே, ஓர் இடத்தை நீண்ட காலம் உற்று நோக்குவதே இலக்கியத்தின் பாதி என்பதை அந்நூலிலிருந்து நான் கற்றேன். ஒயிட் கவிதைகளும் எழுதியவர்தாம். உலகம் அவற்றை மறந்துவிட்டது. அவருடைய கடிதங்களை மறக்கவில்லை. கடிதங்களில் அவர் எதையும் அழகுபடுத்த முயலவில்லை. கண்டதைக் கண்டபடி, நாளும் இடமும் குறித்து எழுதினார். 1751இல் தொடங்கிய தோட்டக் குறிப்பும், 1768இல் தொடங்கிய இயற்கை நாட்குறிப்புமாக, இறப்பதற்குச் சில நாள்கள் முன்புவரை எழுதிக்கொண்டே இருந்தார்.

அடுத்த பத்தாண்டுக்கு நம் வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். மாதக் கூட்டத்தில் கவிதை படிக்க எழும் ஒவ்வொருவரும், முதலில் அம்மாதம் தம் தெருவில் கண்ட ஒரு மரத்தையோ பறவையையோ பூச்சியையோ, பெயரும் நாளும் குறித்து ஒரே வரியில் சொல்லட்டும். அவ்வரிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். பத்தாண்டு கழித்து நம் கவிதைகளில் எவை எஞ்சுமோ அறியேன். அக்குறிப்பேடு எஞ்சும்.

என்னைக் கேள்வி கேட்ட அம்மூத்த நண்பர் இன்று நம்மிடையே இல்லை. அவருக்கு விடை சொல்லும் கடமை எனக்கு இருக்கின்றது. என் கவிதையில் வந்த அப்பறவை எது என்று பின்னர் நான் எவ்வளவோ எண்ணிப் பார்த்தேன். நிறம் நினைவில்லை, குரல் நினைவில்லை, எந்த மரம் என்பதும் நினைவில்லை. உண்மை இதுதான்: ஐயா, நான் அன்று எந்தப் பறவையையும் பார்க்கவில்லை. எழுத மட்டுமே செய்தேன்.