அழாத பிள்ளைக்கும் வலி உண்டு

ஈஜோக், கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறப் பெற்றோர் மருத்துவமனையில் சொல்லக்கூடிய ஒரு வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். "பிள்ளை அழவில்லை டாக்டர், வலி இல்லை போலிருக்கிறது."

குடல்வாலோ குடலிறக்கமோ அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிள்ளை அழுதால் வயிற்றுத் தசை இழுக்கும், வலி கூடும். அதனால்தான் சில பிள்ளைகள் அசையாமல், மூச்சைக்கூட மேலோட்டமாக விட்டுக்கொண்டு படுத்திருக்கும். அதைச் சமர்த்து என்கிறோம்!

நம்மைச் சொல்லிக் குற்றமில்லை. பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. இந்தியாவிலிருந்து ஆக்ஸ்போர்டு சென்ற மருத்துவர் கே.ஜே.எஸ். ஆனந்த், குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையின்போது வலி மருந்து கொடுத்தால் உடல் படும் அதிர்ச்சி குறைகிறது என்று 1987-இல் லான்செட் இதழில் எழுதினார். அதன் பிறகே பார்வை மாறத் தொடங்கியது. நம் நாட்டில் சுகாதார அமைச்சு 2008-இல் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தத்தோடு வலியையும் தாதியர் கேட்டு எழுதும் முறையைக் கொண்டுவந்தது. பேசத் தெரியாத குழந்தைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.

இதில் நமக்கு அதிகம் தெரியாதது நரம்பை மரக்கச் செய்யும் ஊசி. பிள்ளை மயக்கத்தில் இருக்கும்போதே போட்டுவிடுவார்கள். குத்துவது பிள்ளைக்குத் தெரியாது. தொப்புளுக்குக் கீழே அறுவை என்றால் முதுகின் அடியில், வால் எலும்பருகே போடுவது ஒரு வகை. மற்றொன்று, அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடி வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கிடையே மருந்தைப் பரப்புவது. மருந்தின் அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. மார்ஃபின் தேவை குறைவதால் வாந்தி, அதிகத் தூக்கம் போன்ற தொல்லைகளும் குறையும். ஆனால் தசை அடுக்கில் போடும் ஊசி வெட்டுக்காயத்தின் வலியைத்தான் அடக்கும். உள்ளே குடல் வலிப்பதற்குப் பாராசெட்டமோல் போன்ற மருந்தும் வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது. இரத்தம் எளிதில் உறையாத பிள்ளை, ஊசி போடும் இடத்தில் புண் உள்ள பிள்ளை என்றால் மருத்துவர் தவிர்ப்பார். ஆகவே மலாய் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன், மயக்க மருந்து நிபுணரிடம் கேளுங்கள்: "என் பிள்ளைக்கு நரம்பு ஊசி போட முடியுமா? எத்தனை மணி நேரம் தாங்கும்?" கேட்பது மரியாதைக் குறைவல்ல, ஐயா. நம்மவர்கள் கடைக்காரரிடம் கேட்பதில் பாதிகூட டாக்டரிடம் கேட்பதில்லை.

முதுகடியில் போடும் ஊசி பொதுவாகச் சில மணி நேரமே தாங்கும். பகலில் சிரித்த பிள்ளை நள்ளிரவில் துடிப்பது இதனால்தான். மரப்பு விடும் முன்பே அடுத்த வலி மருந்தைத் தாதியரிடம் கேட்டு வாங்குங்கள். மருந்து வேலை செய்யும்வரை கால்கள் தொய்ந்திருக்கலாம். பயப்படாதீர்கள், பிள்ளையை இறக்கி நடக்க விடவும் வேண்டாம். நேரம் கடந்தும் கால் அசையவில்லை என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.