வண்டி கைமாறினால் பெயரும் மாறட்டும்

பழைய பைக் வாங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறோம், டயரைப் பார்க்கிறோம். மறைந்திருக்கும் சிக்கல் ஆர்.சி. புத்தகத்திலும் இருக்கலாம். அதில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால், கடன் தீர்ந்த சான்றும் 35-ஆம் படிவமும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி, 30 நாட்களுக்குள் பெயர் மாற்றுங்கள், இன்சூரன்ஸையும் மாற்றுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-இல் விற்ற வண்டி 2009-இல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. விற்றவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறையை மறைத்து விற்பது மார்க்கத்திலும் கூடாது. சொல்லி விற்போம், பார்த்து வாங்குவோம்.