உறவினரைத் தேடும் ஊழியம்

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)

உங்கள் காணிக்கைகள் மருந்தாகவும் கட்டிலாகவும் மாறிய விதத்தை வைத்திய அத்தியட்சகர் சொல்லிவிட்டார். கணக்கறிக்கையில் வராத ஒரு வேலையைப் பற்றி நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நமது விடுதிகளில் பார்க்க ஒருவரும் வராத முதியவர்கள் இருக்கிறார்கள். யுத்தமும் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை எங்கெங்கோ சிதறடித்துவிட்டன. சென்ற வருடம், பிள்ளைகள் இல்லாத 87 வயது அம்மா ஒருவர், "எனக்கென்று உலகத்தில் ஒருத்தரும் இல்லையோ, ஐயா?" என்று கேட்டார். ஜெபித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகக்கூடிய கேள்வி அல்ல அது.

அவருக்குத் தெரிந்தது, தமது பூட்டனார் மானிப்பாயில் கிறீன் வைத்தியரிடம் படித்தவர் என்ற வீட்டுப் பேச்சு மாத்திரமே. 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் கிறீன், 1873இல் திரும்பும்வரை அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கினார். அவர்களில் பலர் தமிழிலேயே படித்தவர்கள்.

ஆனால் பெயரைக்கொண்டு தேடினால் வழி தவறும். அமெரிக்க மிஷன் விடுதிப் பாடசாலைகளில் ஒரு பிள்ளையைத் தாங்கிய அமெரிக்க ஆதரவாளரின் பெயரை அப்பிள்ளைக்கு இடுவது அக்கால வழக்கம். (உங்களைப் போன்ற ஆதரவாளர்தான்! நாம் அப்படியெல்லாம் கேட்பதில்லை.) 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் என்றும் அழைக்கப்பட்டார். சி. வை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம், பிற்காலத்தில் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற போதகரானார். பெயர்களை மாத்திரம் வைத்துப் பார்த்தால் இவர்கள் தகப்பனும் மகனும் என்று யார் சொல்வார்கள்? சபை இடாப்பில் ஒரு பெயர், ஊரில் இன்னொரு பெயர். குடும்பப் பெயர் என்ற ஒன்றும் நம்மிடம் இல்லை.

ஆகவே ஞானஸ்நான இடாப்பைவிட விவாக இடாப்பே நமக்கு அதிகம் உதவியது. அதில் சாட்சிகளின் கையொப்பம் உண்டு. சாட்சி பெரும்பாலும் மாமனாகவோ மைத்துனனாகவோ இருப்பார். இந்த அம்மாவுடைய அப்பப்பாவின் விவாகப் பதிவு அகப்பட்டது. அதற்குமேல் இடாப்பில் ஒன்றும் இல்லை.

அடுத்த வழியைக் காட்டியது காணி உறுதி. அம்மா அதை ஒரு பிளாஸ்ரிக் பையில் சுற்றித் தலையணையின் கீழ் வைத்திருந்தார். உறுதியில் காணியின் பெயரும், எத்தனை பரப்பு என்பதும், நான்கு எல்லையிலும் உள்ளவர்களின் பெயரும் எழுதியிருக்கும். மனிதர் பெயர் மாறினாலும் காணியின் பெயர் இலகுவில் மாறாது. மேற்கெல்லைக் காணி அதே பெயருடையது. அது அப்பப்பாவின் தங்கைக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டதென்று அந்தத் துண்டின் உறுதியில் கண்டோம். தங்கையின் கணவர் பெயரும் அங்கேயே இருந்தது.

அவர் சைவர். சபை இடாப்பில் அந்தக் கிளை இல்லாததன் காரணம் இதுவே. நம்மவர் பலர் அந்த இடத்தில் தேடலை நிறுத்திவிடுகிறார்கள்; அது சரியல்ல என்பது நமது எண்ணம். சைவக் குடும்பங்களில் மரித்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டுப் புத்தகங்களின் பின்பக்கத்தில் அநேகமாக வம்சாவளி இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இத்தகைய நினைவு மலர்கள் பலவற்றை மின்வடிவில் பாதுகாத்திருக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவரின் அலுமாரியிலிருந்து நமக்கு வேண்டிய கல்வெட்டு கிடைத்தது. பேரப்பிள்ளைகள் வரை பெயர் இருந்தது.

வேதாகமக் கலாசாலையில் படித்த நாட்களில் வம்ச அட்டவணைகளை வேகமாகப் புரட்டிவிடுவோம். எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாதவர்களின் துக்கம் இப்போதுதான் நமக்கு விளங்குகிறது.

உயிரோடிருப்பவர்களைத் தேடும்போது அவர்களுடைய விருப்பமும் முக்கியம். அம்மாவின் சம்மதத்தோடு, அவர் பெயரையும் வியாதியையும் குறிப்பிடாமல், தெரிந்தவர்கள் மூலம் இரண்டு குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்பினோம். ஒரு வீட்டார் தொடர்பு வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு அவர்களுடைய காரணம் இருக்கும், அதன்பின் எழுதவில்லை. அப்பப்பாவின் தங்கையுடைய பேத்தி கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். முதலில் இருவருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு அவர் காணியின் பெயரைச் சொல்லி, "அந்தக் கிணறு இன்னும் இருக்கிறதா, அக்கா?" என்று கேட்டார். அக்கா என்ற சொல்லைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று அம்மா தாதியிடம் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அழைப்பு வருகிறது.

இன்னும் இருவர் காத்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரிந்தது தாயின் ஊரும், அம்மம்மா உடுவில் பெண்கள் பாடசாலை விடுதியில் படித்தார் என்பதும்தான். பழைய குழுப்படங்களோ, விவாக அழைப்பிதழ்களோ, கல்வெட்டுகளோ உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எரிக்கவேண்டாம். படங்களின் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிரதி எடுத்து ஆஸ்பத்திரி விலாசத்துக்கு அனுப்புங்கள்.