நாகைப் பெரும்பள்ளியை எடுப்பித்தவர் யார்?

(திருவொற்றியூரில் தமிழன்பர் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவு)

  

இவ்வூர் கடலை நோக்கி வாழும் ஊர். இராயபுரத்துக் கரையிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பிறநாட்டுக் கலங்களைக் கண்டு வளர்ந்தோர் இங்குக் கூடியுள்ளனர். 1960-களில் பருமாவினின்று எல்லாம் இழந்து மீண்ட தமிழ்க் குடும்பங்கள் வியாசர்பாடி முதலாய வடசென்னைப் பகுதிகளில் குடியமர்ந்ததும் யாவரும் அறிந்ததே. அயல்மண்ணிற்குப் பிழைக்கச் செல்வோர் முதற்கண் தொழில் தேடுவர். அடுத்துத் தம் வழிபாட்டிற்கு ஓர் இடம் தேடுவர். அங்ஙனம் எழுந்த கோயிலுக்கு, 'எடுப்பித்தவர் யார்?' என்னும் வழக்கும் பின்னர் எழுவதுண்டு. பொருள் தந்தவர் ஒருவர். நிலம் தந்தவர் ஒருவர். கல் சுமந்தவர் பலர். பெயர் பெற்றவரோ வேறொருவர். இவ்வழக்குகளுள் பழையதும் பெரியதுமான ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. அதுவே நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளியைப் பற்றிய வழக்கு.

தமிழுணர்வு மிக்க மேடைகளில், 'இராசராசன் கட்டிய புத்தப் பள்ளி' என்று முழங்குவார் உளர். மறுபுறம், 'அது முற்றும் அயலார் ஆக்கம். தமிழர்க்கு அதில் பங்கில்லை' என்பாரும் உளர். 'சீனர் கட்டியது' என்பது மூன்றாவது கூற்று. இம்மூன்றையும் ஆவணங்களைக் கொண்டே ஆய்தல் வேண்டும்.

முதல் ஆவணம் ஆனைமங்கலச் செப்பேடு. ஒல்லாந்தர் காலத்தில் கடல் கடந்து இலெய்டன் நகரை அடைந்தமையால் இலெய்டன் செப்பேடு எனவும் வழங்கும். பெரிய செப்பேட்டில் 21 ஏடுகள். அவற்றுள் 5 ஏடுகள் வடமொழி. 16 ஏடுகள் தமிழ். இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1005-06-இல், பட்டனக் கூற்றத்து ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அப்பள்ளிக்குப் பள்ளிச்சந்தமாக வழங்கியதை அது கூறுகின்றது. ஆண்டொன்றுக்கு 8,943 கலத்திற்கும் மேற்பட்ட நெல் அவ்வூரின் கடமை. அறவிலையாகக் கையளவு பொன் ஈந்த கொடையன்று அது. ஓர் ஊரின் கடமை முழுதும் பிறநாட்டார் எடுத்த பிறசமயப் பள்ளிக்குச் சென்றது. கொடுத்தவனோ தஞ்சையில் சிவபெருமானுக்குப் பெருங்கோயில் எடுத்தவன்!

எடுப்பித்தவன் யார் என்பதில் அச்செப்பேட்டின் இரு பகுதிகளும் இருவேறு வகையாகப் பேசுகின்றன. கிடாரத்தரையன் சூளாமணிவர்மன் எடுப்பிக்கின்ற பள்ளி என்பது தமிழ்ப் பகுதி. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் எடுத்த பள்ளி என்பது வடமொழிப் பகுதி. தந்தையா, மகனா? ஒரே செப்பேட்டிற்குள்ளேயே வழக்கு!

வடமொழிப் பகுதி என்பதனாலேயே அதனைப் பொய்யென்று தள்ளிவிட எண்ணுவார் இவ்வவையிலும் இருத்தல் கூடும். அது முறையன்று. மொழிப்பற்று வேறு, சான்றாய்வு வேறு. தமிழ்ப் பகுதியின் சொல்லாட்சியை உற்று நோக்கினால் சிக்கல் தானே அவிழும். 'எடுப்பித்த' என்று இறந்தகாலத்தில் அது கூறவில்லை. 'எடுப்பிக்கின்ற' என்று நிகழ்காலத்தில் கூறுகின்றது. கொடை வழங்கிய நாளில் பணி முடியவில்லை. நடந்துகொண்டிருந்தது என்பதே அதன் பொருள். ஓர் இடைநிலை வரலாற்றைக் காட்டிக்கொடுக்கும் அருமையைக் காண்மின்!

சீன நாட்டுக் குறிப்புகள் இதனை உறுதி செய்கின்றன. 1003-இல் சூளாமணிவர்மனின் தூதர் சீனப் பேரரசனிடம் சென்றனர். 1008-இல் சென்ற தூதரோ மகனின் தூதர். ஆகவே 1003-க்கும் 1008-க்கும் இடையே தந்தை மறைய, மகன் அரியணை ஏறினான். தமிழ்ப் பகுதி கொடை நாளின் ஆணையை வைத்து எழுதப்பட்டது. வடமொழிப் பகுதியோ இராசராசனுக்குப் பின், இராசேந்திரன் அக்கொடையை நிலைபெறச் செய்த காலத்தது. எனவே தந்தை தொடங்கினான், மகன் முடித்தான், முடித்த மகன் தன் பெயரை இடாமல் தந்தை பெயரை இட்டான். இரு பகுதிகளும் மெய்யே கூறின. அவை எழுதப்பட்ட காலமே வேறு.

இனி, 'இராசராசன் கட்டியது' என்னும் கூற்றுக்கு வருவோம். அக்கூற்றுக்கு வேராக இருப்பது ஒரு பெயர். முதற் குலோத்துங்கனின் 20-ஆம் ஆட்சியாண்டில், 1090 அளவில், எழுந்த சிறிய செப்பேட்டில் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்னும் இரு பெயர்கள் உள. கிடாரத்தரையனின் தூதர் வந்து வேண்ட, பள்ளிக்குரிய ஊர்களின் உரிமைகளைக் குலோத்துங்கன் உறுதிசெய்து தந்தான். பெயர் சோழனுடையது, ஆயின் அப்பள்ளிகளை எடுப்பித்தவன் கிடாரத்தரையன் என்றே அச்செப்பேடும் கூறுகின்றது. சோழனின் ஆவணத்தில், சோழனின் பெயர் தாங்கிய பள்ளிக்கு, எடுப்பித்த புகழ் அயலானுக்கே எழுதிவைக்கப்பட்டது. தனக்குரியதன்று என்று சோழனே விட்டுவைத்த புகழை, ஆயிரம் ஆண்டு கழித்து அவன் தலையில் ஏற்றுதல் அவனுக்குச் சிறப்பாகுமா?

இடையே 1025 அளவில் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தின்மேற் சென்றது. போர் நடந்தது, அரசன் பிடிபட்டான் என்று மெய்க்கீர்த்தி கூறும். அதற்குப் பின்னரும் நாகைப் பள்ளி இடிக்கப்படவில்லை. அதன் நிலம் பறிக்கப்படவில்லை. 1090-இல் கிடாரத் தூதர் மீண்டும் வந்து உரிமை கேட்கும் அளவிற்கு அது நிலைத்து நின்றது. பகைவனின் கோயிலைப் பகைவன் பெயராலேயே காத்து நின்ற பண்பு அன்றோ தமிழரின் பெருமை! கட்டியதாகப் பொய் கூறுவதில் பெருமை இல்லை.

சீனர் கூற்றிற்கும் அடிப்படை உண்டு. 1349 அளவில் நூல் எழுதிய வாங் தாயுவான் என்னும் சீனச் செலவினர், இக்கடற்கரையில் செங்கற் கோபுரம் ஒன்று நின்றதையும், 1267-இல் பணி முடிந்ததாகச் சீன எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டிருந்ததையும் குறித்துள்ளார். பருமா நாட்டுப் பெகுவின் 1476-ஆம் ஆண்டுக் கலியாணிக் கல்வெட்டும், கலம் உடைந்து நாகை வந்த புத்தத் துறவியர் சீன அரசன் செய்வித்த குகையில் வழிபட்டதைக் கூறுகின்றது. நாகையில் 'புதுவெளிக் கோபுரம்' என்றும் 'சீனக் கோபுரம்' என்றும் வழங்கிய மூன்றடுக்குச் செங்கற் கட்டடம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டிலும் நின்றது. 1846-இல் வால்டர் எலியட்டு அதனை நேரிற் கண்டு எழுதினார். அது கிடாரத்தார் பள்ளியின் எச்சமா, சீனர் எடுத்த வேறொரு கோபுரமா என அறிஞர் மாறுபட்டனர். ஆயின் 1867-இல் ஏசு அவையினர் அரசின் இசைவு பெற்று அதனை இடித்துவிட்டனர். சான்று பகர வேண்டிய செங்கற்களே மண்ணாயின. யார் எடுத்தது என்று வழக்காடியவர் பலர். காத்து நின்றவர் எவருமிலர்! 1856 முதலாக நாகை மண்ணிலிருந்து வெளிவந்த புத்தச் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. அவற்றுள் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

இவ்வழக்கைத் தமிழர் நேர்மையாகத் தீர்த்தல் வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சீன நாட்டுச் சுவான்சௌ துறைநகரில் தமிழ் வணிகர் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தனர். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்தது. சீனப் பேரரசனின் நலன் வேண்டி இறைவனை எழுந்தருளுவித்ததாக அது கூறும். 'மண் எங்களது, அரசன் எங்களவன், ஆகவே கோயிலும் நாங்கள் கட்டியதே' என்று சீனர் கூறின் தமிழர் நெஞ்சு பொறுக்குமா? சுவான்சௌவில் தமிழர்க்கு ஒரு நீதி, நாகையில் கிடாரத்தார்க்கு வேறு நீதி என்பது நடுவுநிலை ஆகாது. தமிழரின் புகழைப் பிறர் கவர்ந்தனர் என்று முறையிடும் வாய், பிறர் புகழைக் கவரும் வாயாதல் கூடாது. ஒரு பொய் அகப்பட்டால் நூறு மெய்யும் ஐயத்திற்கு உள்ளாகும். தமிழின் தொன்மையை மறுக்கக் காத்திருப்பார்க்கு அதுவே படைக்கலமாகும்.

இறுதியாக ஒன்று. இத்திருவொற்றியூர்க் கோயிலின் விமானம் இராசேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்டது. எடுக்கச் செய்தவர் சதுரானன பண்டிதர். எடுத்த தச்சன் இரவி என்னும் வீரசோழத் தச்சன். அரசன் பெயரோடு தச்சன் பெயரும் இங்குக் கல்லில் நிற்கின்றது. நாகைப் பள்ளிக்குச் செங்கல் அறுத்தவர், சுண்ணம் குழைத்தவர், சுமந்தவர் பெயர்கள் செப்பேட்டில் இடம்பெறவில்லை. ஆண்டுதோறும் நெல் அளந்த ஆனைமங்கலத்து உழவர் பெயர்களும் இல்லை.

ஆகவே தீர்ப்பு இதுவே: தொடங்கியவன் சூளாமணிவர்மன், முடித்தவன் மாறவிசயோத்துங்கவர்மன், ஊர் ஈந்தவன் இராசராசன், அதனை நிலைநிறுத்தியவன் இராசேந்திரன், மீண்டும் உறுதிசெய்தவன் குலோத்துங்கன், நெல் விளைத்து அதனைத் தாங்கியவர் ஆனைமங்கலத்துத் தமிழுழவர். அவரவர் புகழை அவரவர்க்கு எண்ணிக் கொடுப்பதே தமிழ் அறம். மேடையில் முழங்குவோரும் பள்ளியில் பயிற்றுவோரும் இனி, 'இராசராசன் கட்டிய பள்ளி' என்னாது, 'கிடாரத்தார் எடுத்த பள்ளி. தமிழர் காத்த பள்ளி' என்று கூறுக! அதுவே மெய், அதுவே பெருமையும் ஆகும்.

வாழ்க தமிழ்!