கணையத் திட்டுகளும் நீரிழிவும்

நீரிழிவு என்னும் சொல்லை அறியாத வீடு இன்று தமிழ்நாட்டில் இல்லை எனலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் இந்நோய் உடையவர்கள் என மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகை நீரிழிவு உடையவர்கள். உணவுக் கட்டுப்பாட்டாலும் உடலுழைப்பாலும் மாத்திரையாலும் நோயை அடக்கி வைக்க இயலுபவர்கள். மற்றொரு வகையினர் தொகையில் சிறியவர்; துன்பத்தில் பெரியவர். பள்ளிப் பருவத்திலேயே, சில வேளைகளில் மழலை மாறாத வயதிலேயே, முதல் வகை நீரிழிவுக்கு ஆளாகும் குழந்தைகள் அவர்கள். அறந்தாங்கியிலோ கந்தர்வகோட்டையிலோ அத்தகைய குழந்தை ஒன்று உங்கள் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளாவிடில் அக்குழந்தை உயிர் வாழ இயலாது.

இந்த ஊசிக்கு மாற்று உண்டா? அழிந்துபோன உயிரணுக்களையே மீண்டும் உடலில் நட முடியுமா? முடியும் என்று அறிவியல் காட்டியிருக்கிறது. அது எவ்வாறு முடிந்தது, அதற்கு நோயாளி கொடுக்க வேண்டிய விலை என்ன என்பனவற்றை இன்று சிறிது நோக்குவோம்.

நம் இரைப்பைக்குப் பின்னால், ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தில், கணையம் என்னும் உறுப்பு கிடக்கிறது. அதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்பும் வேலையைச் செய்கிறது. 1869ஆம் ஆண்டு பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மாணவர், கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அதன் இடையிடையே வேறு வகை உயிரணுக்கள் சிறு சிறு கூட்டங்களாக இருப்பதைக் கண்டார். கடலிடையே திட்டுகள் போலக் காணப்பட்ட அவற்றின் தொழில் இன்னதென்று அவருக்கு விளங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 21. பின்னாளில் அவர் பெயராலேயே அவை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்பட்டன.

மனிதக் கணையத்தில் இத்தகைய திட்டுகள் ஏறத்தாழ 10 இலட்சம் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவே இருக்கும். அத்தனையும் சேர்ந்தாலும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான். இத்துணைச் சிறிய பொருளிலுள்ள பீட்டா உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில், நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே தவறுதலாக இந்தப் பீட்டா உயிரணுக்களைப் பகையெனக் கருதி அழித்துவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

கணையத்துக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவை 1889ஆம் ஆண்டு மின்கோவ்ஸ்கி, வான் மெரிங் என்னும் இருவர் கண்டனர். ஒரு நாயின் கணையத்தை அகற்றியதும் அதற்கு நீரிழிவு தோன்றியது. அப்படியானால் வேறொரு கணையத்தை வைத்தால் நோய் தீருமன்றோ? இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே இவ்வெண்ணம் எழுந்துவிட்டது. 1893ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் வாட்சன் வில்லியம்ஸ், சாகுந்தறுவாயிலிருந்த 15 வயதுச் சிறுவனின் தோலின் கீழ் ஆட்டின் கணையத் துண்டுகளை வைத்துத் தைத்தார். மூன்று நாட்களில் சிறுவன் இறந்தான். முயற்சி தோற்றது; எண்ணம் சாகவில்லை.

1921ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டு சனவரித் திங்களில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் அதனால் உயிர் பிழைத்தான். அன்று முதல் கோடிக்கணக்கான உயிர்களை இன்சுலின் காத்து வருகிறது. இருந்தும் ஊசி மருந்து, இழந்த உயிரணுவுக்கு முழு ஈடு ஆவதில்லை. ஏன்?

புதுக்கோட்டைச் சீமை கண்மாய்களின் சீமை. கண்மாயிலிருந்து வயலுக்கு நீர் விடும் நீர்பாய்ச்சி என்ன செய்வார்? வயலைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், பயிரின் வாட்டத்தைப் பார்ப்பார். அதற்கேற்ப மடையைத் திறப்பார், குறைப்பார், அடைப்பார். அவர் இல்லாத ஊரில், காலை எட்டு மணிக்கு இவ்வளவு, மாலை எட்டு மணிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்து மடையைத் திறந்தால் ஒரு நாள் பயிர் காயும். ஒரு நாள் மூழ்கும். ஊசி மருந்தின் நிலை அதுவே. பீட்டா உயிரணு குருதியிலுள்ள சர்க்கரையை நொடிதோறும் அளந்து, வேண்டிய அளவு மட்டும் இன்சுலினை விடுகிறது. ஊசி அளந்து பார்ப்பதில்லை. இன்சுலின் குறைந்தால் சர்க்கரை மிகுந்து, ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் கெடும். மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, நடுங்கி, நினைவிழக்க நேரும். பல்லாண்டு நோயுற்ற சிலருக்கு அந்த எச்சரிக்கைக் குறிகளும் தோன்றாமல் போய்விடும். உறக்கத்தில் மயங்கினால் எழுப்புவார் யார்? ஆகவேதான் அறிஞர்கள், நீரை மட்டும் அன்று, நீர்பாய்ச்சியையே மீட்டுக் கொணர வேண்டும் என்று முனைந்தனர்.

முதல் தடை, கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரிப்பதே. சதையைச் சிதைக்காமல் அவற்றை எடுப்பது எளிதன்று. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால் லேசி என்பவர் எலியின் கணையத்தில் கொலாஜினேஸ் என்னும் நொதியைச் செலுத்தித் திட்டுகளை முழுமையாகப் பிரித்துக் காட்டினார். 1972இல் அவரும் பாலிஞ்சரும் அத்தகைய திட்டுகளை நீரிழிவுற்ற எலிகளுக்கு நட்டு, நோயைத் தணித்தனர். எலியில் கைவந்தது மனிதனில் கைவர மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1988ஆம் ஆண்டு ரிக்கார்டி என்னும் இத்தாலிய அறிஞர் வகுத்த முறை வழிகாட்டிற்று. கணையத் துண்டுகளை நொதியுடனும் சிறு எஃகு உருண்டைகளுடனும் ஒரு கலத்தில் இட்டு, உடல் வெப்பத்தில் மெல்லக் குலுக்குவர். திட்டுகள் விடுபட விடுபட, அவை நொதியால் கெடுமுன் வெளியே ஒழுகி வந்துவிடும்.

இந்த நொதியின் அளவும் தன்மையும் மிக நுட்பமானவை. குறைந்தால் திட்டுகள் விடுபடா. மிகுந்தால் கரைந்து போகும். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஏ. என். பாலமுருகன் என்னும் நம்மவர் முதன்மையாகப் பங்கேற்ற குழுவினர், திட்டுகளைக் கூடுதலாகப் பெற உதவும் புதிய நொதிக் கலவை ஒன்றை 2012ஆம் ஆண்டு வெளியிட்டனர். உலகின் உயர்ந்த ஆய்வுக்கூடங்களிலும் வேலையின் பெரும்பகுதி இத்தகைய பொறுமையான அளவு பார்த்தலே என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

பிரித்த திட்டுகளை உடனே நடுவதும் உண்டு. ஓரிரு நாள் வளர்ப்பதும் உண்டு. நாற்றங்காலில் பறித்த நாற்றை முடிகட்டி நீரில் வைத்து, அழுகியதைக் கழித்து, நல்லதை நடவுக்கு எடுப்பதில்லையா? அதுபோல ஊட்டச்சத்தும் உயிர்வளியும் கொண்ட கரைசலில் திட்டுகளை வைத்துக் காப்பர். நொந்தவை அதற்குள் மடியும். கிருமி கலந்திருந்தால் தெரிந்துவிடும். சர்க்கரையைக் கண்டால் அவை இன்சுலின் சுரக்கின்றனவா என்றும் சோதித்து அறியலாம். பின்னர், நோயாளியின் வயிற்றைப் பெரிதாக அறுக்காமல், மெல்லிய குழாய் வழியே கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் அவற்றை விடுவர். கல்லீரலின் நுண்ணிய குருதிக் குழாய்களில் திட்டுகள் தங்கி வேர்கொள்ளும். குடலிலிருந்து வரும் குருதி முதலில் சேரும் இடம் கல்லீரல் ஆதலால், அவ்விடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் நட்ட நாற்றெல்லாம் பிடிப்பதில்லை. முதற் சில நாட்களிலேயே திட்டுகளில் கணிசமான பகுதி மடிந்துவிடும்.

2000ஆம் ஆண்டு இத்துறையில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. கனடாவின் எட்மன்டன் நகரில் ஷாப்பிரோ என்பவரும் அவர் குழுவினரும் ஏழு நோயாளிகளுக்குத் திட்டுகளை நட்டனர். ஏழு பேருமே இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டனர். உலகம் வியந்தது. ஆனால் ஐந்தாண்டுகளுக்குப் பின் அம்முறையில் சிகிச்சை பெற்றோரைக் கணக்கிட்டபோது, பத்தில் ஒருவரே ஊசியின்றி இருந்தனர். ஏனையோருள் பெரும்பாலோர்க்குத் திட்டுகள் ஓரளவு வேலை செய்தன. திடீர் மயக்கம் குறைந்தது. ஊசியோ திரும்ப வந்தது. 2023ஆம் ஆண்டு அமெரிக்க அரசு, கொடையாளரின் திட்டுகளால் ஆன சிகிச்சை ஒன்றுக்கு முதன்முறையாக ஒப்புதல் அளித்தது. சோதிக்கப்பட்ட 30 பேரில் 21 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ ஊசியின்றி வாழ்ந்தனர். அவர்களுள் 10 பேர் ஐந்தாண்டுகளையும் கடந்தனர். ஐந்து பேருக்கு ஒரு நாள்கூட விடுதலை கிட்டவில்லை.

இவ்வளவு நன்மை உண்டெனில், இதை ஏன் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வதில்லை? இரண்டு மதில்கள் குறுக்கே நிற்கின்றன. முதலாவது பஞ்சம். திட்டுகள் மூளைச்சாவு அடைந்த கொடையாளரிடமிருந்தே கிடைக்கின்றன. ஒரு நோயாளிக்குப் பல வேளைகளில் இரண்டு கணையங்கள் வேண்டும். உறுப்புக் கொடைக்கான சட்டம் நம் நாட்டில் 1994இல் வந்தது. உறுப்புக் கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2023இல் அறிவித்தது. ஆயினும் கொடை எத்துணைப் பெருகினும் தேவைக்குப் போதாது. இரண்டாவது, அயலானை ஏற்காத நம் உடலின் இயல்பு. நட்ட திட்டுகளைக் காக்க வாழ்நாள் முழுதும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உண்ண வேண்டும். அம்மருந்துகளால் தொற்று நோயும் சிறுநீரகக் கேடும் சில புற்றுநோய்களும் வரக்கூடும். ஊசியை விடுவதற்காக ஒரு குழந்தையை இவ்விடர்களுக்கு உள்ளாக்குவது அறமாகுமா? ஆதலின், எச்சரிக்கையின்றி மயங்கி விழும் கடுமையான நிலையிலுள்ள பெரியவர்களுக்கே இச்சிகிச்சை பெரும்பாலும் அளிக்கப்படுகிறது.

அடக்கும் மருந்தே தேவைப்படாத ஒரு நிலையும் உண்டு. கணையம் நெடுநாள் அழற்சியுற்றுப் பொறுக்கொணா வலி தந்தால், சிலருக்கு அதை அகற்ற நேர்கிறது. அப்போது நோயாளியின் சொந்தத் திட்டுகளையே பிரித்து அவருக்கே நடலாம். 1977ஆம் ஆண்டு மின்னசோட்டாவில் இது முதலில் செய்யப்பட்டது. தன்னுடையதை உடல் தள்ளுவதில்லை. கணையத்தில் கற்கள் தோன்றி இளம் வயதிலேயே நீரிழிவு தரும் நோய் தென்னிந்தியாவில் அதிகம் காணப்பட்ட ஒன்று. கேரளத்தின் மருத்துவர் கீவர்கீஸ் அதை ஆராய்ந்து 1968இல் தனி நூலே எழுதினார். ஆகவே இம்முறை நமக்குத் தொலைவான செய்தியன்று.

மதில்களைத் தகர்க்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் என்னும் பொருளால் திட்டுகளைச் சுற்றி நுண்ணிய உறை அமைத்து, காவற்படையின் கண்ணில் படாமல் காக்கலாம் என்பது 1980 முதல் ஆராயப்பட்டு வரும் கருத்து. அத்தகைய கடற்பாசியை நம் மண்டபம் கடற்கரையிலும் காணலாம். பஞ்சத்தைத் தீர்க்க, எவ்வகை உயிரணுவாகவும் மாறவல்ல குருத்தணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துத் திட்டுகளாக்குகின்றனர். 2025இல் வெளியான ஆய்வொன்றில், அவ்வாறு ஆக்கிய திட்டுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் ஊசியின்றி இருந்தனர்; ஆனால் அடக்கும் மருந்து அவர்களுக்கும் தேவைப்பட்டது. சீனத்தில் ஒரு பெண்ணுக்கு அவர் உடலணுவிலிருந்தே ஆக்கிய திட்டுகளை 2023இல் நட்டனர். 75 நாட்களில் ஊசி நின்றது. அவரோ முன்பே கல்லீரல் மாற்றம் பெற்று, அம்மருந்துகளை உண்டு வந்தவர். சுவீடனில் மரபணு திருத்திய திட்டுகளை அடக்கும் மருந்தே இன்றி ஒருவரின் முன்கைத் தசையில் நட்டனர். அவை அழியாமல் இன்சுலின் சுரந்ததை 2025இல் அறிவித்தனர். மிகச் சிறிய அளவே நட்டமையால் ஊசி நிற்கவில்லை. ஒவ்வொன்றும் ஓர் அடி. ஊர் இன்னும் வந்து சேரவில்லை.

இந்த இடைவெளியிலேதான் ஏமாற்று வணிகம் நுழைகிறது. குருத்தணு ஊசி ஒன்றே நீரிழிவை வேரோடு களையும் என்று சொல்லிப் பணம் பறிப்போர் உளர். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி நீரிழிவுக்கான குருத்தணுச் சிகிச்சை, ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே நடைபெறலாம்; ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் கேட்பது முறையன்று. அவர்கள் சொற்கேட்டு ஒரு குழந்தையின் இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிர்க்கு இறுதி நேரும். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைக்கிறது. ஊசி போட்டுக்கொள்ளும் தோழனை வகுப்பில் கண்டால் ஒதுக்காதீர்கள். இது தொற்றும் நோயன்று. அவன் வியர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரை கொடுங்கள். விழுங்க இயலாமல் மயங்கிவிட்டால் வாயில் எதுவும் இடாமல் விரைந்து மருத்துவரிடம் சேருங்கள். நாளைய சிகிச்சையைக் காண அவன் இன்று நலமாக இருத்தல் வேண்டும்.

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், பெண்கள் கல்லூரி வாயிலையே மிதிக்காத காலத்தில் இவ்வூர் மன்னர் கல்லூரியில் பயின்று, 1912இல் மருத்துவரானார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், பின்னாளில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. லாங்கர்ஹான்ஸ் திட்டுகளைக் கண்டபோது அவர் உங்களைப் போன்ற ஒரு மாணவரே. அவர் விடாது விட்ட வினா ஒன்றரை நூற்றாண்டு கடந்து, பாதி விடையோடு உங்கள் கைக்கு வந்திருக்கிறது. மீதி விடையைக் காணும் தலைமுறை உங்களுடையதாகுக.